எச்சரிக்கை மணி மட்டும் போதுமா? வாளையார் தண்டவாளம் கற்றுத் தரும் பாடம்

புது தில்லி: கோவையிலிருந்து பாலக்காட்டுக்குச் செல்லும் ரயில், மதுக்கரையையும் எட்டிமடையையும் கடந்து வாளையார் வழியாகக் கேரளத்துக்குள் நுழைகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் இயற்கை விட்டுவைத்த பெரும் இடைவெளியான பாலக்காட்டுக் கணவாயின் வடக்கு ஓரம் அது. அப்பகுதியில் தண்டவாளம் 'ஏ', 'பி' என இரு தடங்களாகப் பிரிந்து காட்டை ஊடறுத்துச் செல்கிறது. யானைகளுக்கும் அதுவே வழி.

சோதனைச் சாவடியால் தமிழகத்துக்குப் பழக்கமான ஊர் வாளையார். நாட்டின் மின் கட்டமைப்பையும் மருத்துவமனைகளையும் இணையவழித் தாக்குதலிலிருந்து காப்பது எப்படி என்பது குறித்துத் தில்லியில் நடைபெறும் விவாதத்துக்கும் அந்த ஊர்த் தண்டவாளம் ஒரு பாடத்தை வைத்திருக்கிறது. இயந்திரம் எச்சரித்தால் மட்டும் போதாது. எதைக் கண்டு எச்சரிக்கிறது என்பதையும் அது காட்ட வேண்டும் என்பதே அந்தப் பாடம்.

மூன்று யானைகளும் ஒரு பதிவுச் சில்லும்

2021 நவம்பர் 26-ம் தேதி இரவு நவக்கரை அருகே, மங்களூரிலிருந்து சென்னைக்குச் சென்ற ரயில் மோதி மூன்று யானைகள் இறந்தன. ரயில் என்ன வேகத்தில் வந்தது என்பதே அப்போது எழுந்த முதல் கேள்வி. அதற்கு விடை காண்பதற்காக எஞ்சினிலிருந்து பதிவுச் சில்லை எடுத்த தமிழக வனத்துறையினரை, பாலக்காட்டில் ரயில்வே தரப்பினர் தடுத்து வைத்தனர். இரு அரசுத் துறைகள் ஒரு சில்லுக்காக மோதிக்கொண்டது அன்று செய்தியாயிற்று. விபத்துக்கான காரணத்தைச் சொல்லும் பதிவு யாரிடம் இருக்க வேண்டும், யார் அதைப் பார்க்கலாம் என்ற கேள்வி அந்த மோதலின் அடியில் இருந்தது.

அதன் பின்னர் 2024 பிப்ரவரியில் மதுக்கரை வனச் சரகத்தில், செயற்கை நுண்ணறிவின் துணையுடன் இயங்கும் கண்காணிப்பு அமைப்பைத் தமிழக அரசு தொடங்கிவைத்தது. ரூ. 7.24 கோடி செலவில் 12 கோபுரங்கள் எழுப்பப்பட்டன. இரவிலும் உடல் வெப்பத்தைக் கொண்டு விலங்கைக் காட்டும் கேமராக்கள் அவற்றில் பொருத்தப்பட்டன. யானை தண்டவாளத்தை நெருங்கியதும் கட்டுப்பாட்டு அறைக்கு எச்சரிக்கை வருகிறது. அங்கிருந்து ரயில் ஓட்டுநருக்கும் வனப் பணியாளர்களுக்கும் தகவல் செல்கிறது. அமைப்பு இயங்கத் தொடங்கிய பிறகு, அது கண்காணிக்கும் பகுதியில் ரயில் மோதி யானை எதுவும் இறக்கவில்லை என்று வனத்துறை பின்னர் அறிவித்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கட்டுப்பாட்டு அறைக்கு மணியோசை மட்டும் வருவதில்லை, படமும் வருகிறது. திரையில் இருப்பது யானையா, மாடா, மனிதரா என்பதைப் பணியில் இருப்பவர் தம் கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடிகிறது. இயந்திரம் தவறினால் அந்தத் தவறு அங்கேயே தெரிந்துவிடும்.

ரயில்வே கையாளும் முறை வேறு. தண்டவாளத்தின் ஓரமாகப் புதைக்கப்பட்ட ஒளியிழை வடம், நிலத்தில் ஏற்படும் அதிர்வை உணர்கிறது. அந்த அதிர்வு யானையின் காலடியா என்பதைச் செயற்கை நுண்ணறிவு கணிக்கிறது. வடகிழக்கு எல்லை ரயில்வேயில் சோதித்துப் பார்க்கப்பட்ட இம்முறையை, வாளையார் அடங்கிய பாலக்காடு கோட்டமும் மேற்கொண்டது. நீண்ட தொலைவைக் கண்காணிக்க இது ஏற்றது. ஆனால் இங்கே படம் இல்லை. அதிர்வின் அலைவடிவம் மட்டுமே உண்டு. அதைப் படிக்கத் தெரியாதவர் இயந்திரத்தின் சொல்லை அப்படியே நம்பியாக வேண்டும்.

மூன்றாவதாக இன்னொரு வகைக் கண்காணிப்பு இருக்கிறது. அதில் படமும் இல்லை, அதிர்வும் இல்லை. ஓர் எண் மட்டுமே வரும். கணினி வலையமைப்புகளின் கண்காணிப்பு பெரும்பாலும் அந்த நிலையில்தான் இருக்கிறது.

மின்சாரமும் போகும் கணவாய்

கேரளம் தனது மின் தேவையின் பெரும்பகுதியை வெளியிலிருந்தே பெறுகிறது. தமிழகத்தின் புகளூரிலிருந்து பாலக்காடு மாவட்டம் வழியாகத் திருச்சூருக்குச் செல்லும் 2,000 மெகாவாட் திறன்கொண்ட உயர் அழுத்த நேர்மின் தடம் 2021 பிப்ரவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. இத்தகைய தடங்களில் எவ்வளவு மின்சாரம் எப்போது பாய வேண்டும் என்பதைக் கணினிகளே ஒழுங்குபடுத்துகின்றன. கணினி முடங்கினால் இரு மாநிலங்களும் தொல்லைக்கு உள்ளாகும்.

இது வெறும் கற்பனை அச்சம் அன்று. சீனத்துடன் தொடர்புடைய ஊடுருவல் குழு ஒன்று, நாட்டின் ஐந்து மண்டல மின்சுமை மேலாண்மை மையங்களில் நான்கைக் குறிவைத்ததாக 'ரெக்கார்டட் ஃபியூச்சர்' என்ற அமெரிக்க நிறுவனம் 2021 பிப்ரவரி இறுதியில் அறிக்கை வெளியிட்டது. தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகமும் அந்தப் பட்டியலில் இருந்தது. மின் கட்டமைப்பின் செயல்பாட்டில் பாதிப்பு ஏதும் இல்லை என்று மத்திய மின்துறை அமைச்சகம் விளக்கம் அளித்தது. லடாக் அருகே உள்ள மின் மையங்கள் மீது நடைபெற்ற இரு முயற்சிகள் தோல்வியடைந்ததாக 2022 ஏப்ரலில் அன்றைய மின்துறை அமைச்சர் ஆர்.கே. சிங் தெரிவித்தார்.

காரணம் தெளிவாகத் தெரியாதபோது என்ன நேரும் என்பதற்கு மும்பை சாட்சி. 2020 அக்டோபர் 12-ம் தேதி மும்பையில் பெரும் மின்தடை ஏற்பட்டது. ரயில்கள் நடுவழியில் நின்றன. இணையவழி நாசவேலை காரணமாக இருக்கலாம் என்று 2021 மார்ச் மாதம் மகாராஷ்டிர உள்துறை அமைச்சராக இருந்த அனில் தேஷ்முக் கூறினார். மனிதத் தவறே காரணம், தாக்குதலுக்கு ஆதாரம் இல்லை என்றார் மத்திய அமைச்சர் ஆர்.கே. சிங். ஒரே மின்தடைக்கு மாநில அரசு ஒரு காரணத்தையும், மத்திய அரசு வேறொரு காரணத்தையும் கூறின. எதை நம்புவது என்பதை மக்களே முடிவு செய்துகொள்ள வேண்டியதாயிற்று.

எச்சரிக்கை வெள்ளம்

பழைய பாதுகாப்பு மென்பொருள்கள், ஏற்கெனவே அறியப்பட்ட தீய நிரல்களின் அடையாளப் பட்டியலை வைத்துக்கொண்டு இயங்கின. பட்டியலில் இருப்பது வந்தால் தடுக்கும். புதியது வந்தால் விட்டுவிடும். இக்குறையைப் போக்கவே இயந்திரக் கற்றல் முறை வந்தது. ஒரு வலையமைப்பின் அன்றாடப் போக்கு எப்படி இருக்கும் என்பதை அது கற்றுக்கொள்கிறது. அந்தப் போக்கிலிருந்து விலகியது எதுவானாலும் அதற்கு ஒரு மதிப்பெண் போட்டு எச்சரிக்கிறது.

சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. வலையமைப்பில் விலகல்கள் எப்போதும் உண்டு. ஊழியர் விடுமுறையில் வெளியூரிலிருந்து உள்நுழைவார். கணக்கு முடிக்கும் நாளில் கோப்புகள் மொத்தமாக நகரும். எல்லாவற்றுக்கும் மணி அடித்தால், எந்த மணிக்கு எழுந்து ஓடுவது? கண்காணிப்பு மையங்களில் பணியாற்றுவோர் இதை 'எச்சரிக்கைச் சோர்வு' என்கின்றனர்.

நாடு முழுவதும் நிகழும் சம்பவங்களைக் கையாளும் மத்திய அரசின் கணினி அவசரகாலச் செயற்குழுவான 'செர்ட்-இன்', 2022-ல் 13.91 லட்சம் சம்பவங்களையும், 2023-ல் 15.92 லட்சம் சம்பவங்களையும், 2024-ல் 20.41 லட்சம் சம்பவங்களையும் கையாண்டதாக அரசின் புள்ளிவிவரம் கூறுகிறது. இவை கணக்கில் வந்த சம்பவங்கள் மட்டுமே. அவற்றுக்குப் பின்னால் அடித்த மணிகளின் எண்ணிக்கை இதைவிடப் பல மடங்கு இருக்கும்.

மணி அடித்தும் பயனில்லாமல் போனதற்கு உலகறிந்த உதாரணம் அமெரிக்காவின் 'டார்கெட்' வணிக நிறுவனம். 2013 நவம்பர் இறுதியில் அதன் வலையமைப்பில் தீய நிரல் நுழைந்ததைப் பாதுகாப்புக் கருவி கண்டறிந்தது. பெங்களூரில் இருந்த கண்காணிப்புக் குழுவினர் அந்த எச்சரிக்கையைப் பார்த்து, தலைமையகம் அமைந்துள்ள மினியாபொலிஸ் நகருக்குத் தகவலும் அனுப்பினர். அங்கே நடவடிக்கை எடுக்கப்படவில்லை. எச்சரிக்கையில் இருந்தது 'மால்வேர்.பைனரி' என்ற பொதுப்படையான பெயர் மட்டுமே. எங்கே, எப்படி, எதைக் குறிவைத்து என்பன எதுவும் அந்தப் பெயரில் இல்லை. விளைவாக 4 கோடி வங்கி அட்டைகளின் விவரங்கள் களவு போயின. இந்தியாவில் ஒருவர் விழித்திருந்தும், எச்சரிக்கைக்கு வலு சேர்க்கும் விளக்கம் இல்லாததால் அது பத்தோடு பதினொன்றாகிப் போனது.

காரணம் கூறும் இயந்திரம்

இந்தக் குறையைப் போக்க முனைவதே 'விளக்கவல்ல செயற்கை நுண்ணறிவு'. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு அமைப்பான 'தார்பா' 2017-ல் இதற்கெனத் தனித் திட்டமே தொடங்கியது. 2021 வரை அது நடைபெற்றது.

இது செயல்படும் விதத்தை எளிதாகச் சொல்லலாம். மின் வாரிய அலுவலகக் கணினி ஒன்றை உதாரணமாகக் கொள்ளலாம். 'ஆபத்து: நூற்றுக்கு 94' என்று மட்டும் திரையில் வந்தால், பணியில் இருப்பவர் என்ன செய்வார்? கணினியை வலையமைப்பிலிருந்து துண்டித்தால் அலுவலகம் நிற்கும். துண்டிக்காவிட்டால் நாசம் நேரலாம். அதே திரையில், 'நள்ளிரவுக்குப் பின் உள்நுழைவு. இதுவரை தொடர்பு கொள்ளாத வெளிநாட்டு முகவரி. வழக்கத்தைவிடப் பல மடங்கு கோப்புகள் வெளியேற்றம். 94 மதிப்பெண்ணில் பெரும்பங்கு மூன்றாவது காரணத்தால்' என்றும் சேர்ந்து வந்தால் நிலைமை மாறுகிறது. அன்று இரவு கோப்புகளின் நகல் எடுக்கும் பணி நடக்கிறதா என்று ஒரு தொலைபேசி அழைப்பில் அவர் கேட்டுவிடலாம். வாளையாரில் திரையில் தெரியும் படம் செய்யும் வேலையை இங்கே இந்த மூன்று வரிகள் செய்கின்றன.

மதிப்பெண்ணில் எந்தக் காரணத்துக்கு எவ்வளவு பங்கு என்பதைக் கணக்கிடப் பொருளாதாரத்திலிருந்து ஒரு கருவி கிடைத்தது. பலர் கூடி ஈட்டிய ஆதாயத்தில் ஒவ்வொருவரின் பங்கும் எவ்வளவு என்பதை நியாயமாகப் பிரிக்கும் கணித முறையை 1953-ல் லாயிட் ஷேப்லி வகுத்தார். பின்னாளில், 2012-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர் அவர். அவருடைய முறையை இயந்திரக் கற்றலுக்கு ஏற்றவாறு விரிவாக்கி, 'ஷாப்' என்ற பெயரில் 2017-ல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்டனர்.

ஓநாயும் பனியும்

காரணம் தெரிவதால் இன்னொரு நன்மையும் உண்டு. சரியான விடையைத் தவறான காரணத்துக்காகச் சொல்லும் இயந்திரம் பிடிபட்டுவிடும்.

அதே வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 2016-ல் ஒரு சோதனை நடைபெற்றது. ஓநாயையும், ஓநாயைப் போன்ற 'ஹஸ்கி' நாயையும் படத்தில் வேறுபடுத்தும் இயந்திரம் ஒன்று வேண்டுமென்றே தவறாகப் பயிற்றுவிக்கப்பட்டது. பயிற்சிக்குத் தந்த ஓநாய்ப் படங்களில் எல்லாம் பின்னணியில் பனி இருந்தது. இயந்திரம் விலங்கைப் பார்க்கவில்லை. பனியைப் பார்த்தே 'ஓநாய்' என்றது. சோதனையில் பங்கேற்ற 27 பேரில் 10 பேர் முதலில் அதை நம்பினர். முடிவுக்கான காரணம் காட்டப்பட்ட பிறகு நம்பியவர்கள் மூவர் மட்டுமே.

இணையப் பாதுகாப்புத் துறையில் இத்தகைய தவறு உண்மையாகவே நேர்ந்திருக்கிறது. ஊடுருவலைக் கண்டறியும் மென்பொருள்களைச் சோதிக்க, 1998, 1999-ம் ஆண்டுகளில் 'தார்பா'வுக்காக உருவாக்கப்பட்ட தரவுத் தொகுப்புகள் உலகெங்கும் பல ஆண்டுகள் பயன்பட்டன. 1999-ம் ஆண்டுத் தொகுப்பை 2003-ல் ஆராய்ந்த மஹோனி, சான் ஆகியோர் ஒரு விநோதத்தைக் கண்டனர். இணையத்தில் செல்லும் ஒவ்வொரு தரவுப் பொட்டலமும், அது இன்னும் எத்தனை இணைப்பு நிலையங்களைக் கடக்கலாம் என்ற எண்ணைச் சுமந்து செல்லும். சோதனைக்கூடத்தில் செயற்கையாக உருவாக்கப்பட்ட தாக்குதல்களில் அந்த எண், வழக்கமான போக்குவரத்தில் இல்லாத தனி மதிப்பாக அமைந்துவிட்டது. அந்த ஒற்றை எண்ணைப் பார்த்தே ஒரு மென்பொருள் பல தாக்குதல்களைப் 'பிடித்துவிட' முடியும். சோதனைக்கூடத்தில் பாராட்டுப் பெறும் அந்த மென்பொருள் உண்மையான வலையமைப்பில் ஏமாந்து நிற்கும். அதன் முடிவுக்குக் காரணம் கேட்டிருந்தால், முதல் நாளே உண்மை வெளிப்பட்டிருக்கும்.

யானைகள் பெரும்பாலும் இரவில் கடப்பதால், இருட்டையே யானை என்று ஓர் இயந்திரம் கற்றுக்கொண்டால் வாளையாரிலும் இதே கதிதான்.

விளக்கமும் ஏமாற்றலாம்

விளக்கவல்ல நுண்ணறிவைச் சர்வரோக நிவாரணியாகக் கருதிவிடக் கூடாது. இயந்திரம் உண்மையில் ஒரு காரணத்தால் முடிவெடுத்துவிட்டு, வேறொரு நல்ல காரணத்தைக் காட்டுமாறு செய்ய முடியும் என்பதை 2020-ல் வெளியான ஓர் ஆய்வு நிரூபித்தது. மேலும், எது எச்சரிக்கையை எழுப்புகிறது என்ற விவரம் தாக்குபவரின் கையில் கிடைத்தால் அதைத் தவிர்த்து நுழைய அவருக்கு வழி பிறக்கும். எனவே விளக்கத்தை யாரெல்லாம் பார்க்கலாம் என்பதற்கும் வரையறை தேவை.

உயிரும் உரிமையும் சம்பந்தப்பட்ட இடங்களில், புரியாத இயந்திரத்தை வைத்துக்கொண்டு அதற்கு விளக்கவுரை தேடுவதைவிட, தொடக்கத்திலேயே புரியக்கூடிய எளிய கணிப்பு முறையைப் பயன்படுத்துவதே மேல் என்று 2019-ல் அமெரிக்க ஆய்வாளர் சிந்தியா ரூடின் வாதிட்டார். மின் நிலையங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் கருவி வாங்கும் அதிகாரிகள் அவசியம் எண்ணிப் பார்க்க வேண்டிய வாதம் இது.

தில்லி என்ன செய்கிறது?

2022 நவம்பர் 23-ம் தேதி தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் முடங்கின. ஐந்து சர்வர்களில் இருந்த சுமார் 1.3 டெராபைட் தரவுகள் திறக்க முடியாதவாறு பூட்டப்பட்டதாக அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. வலையமைப்பு முறையாகப் பிரித்து வைக்கப்படாததையும் அரசு ஒப்புக்கொண்டது. நோயாளிகள் காகிதச் சீட்டுடன் வரிசையில் நின்றனர்.

அதற்கு முன்பே, 2022 ஏப்ரல் 28-ம் தேதி செர்ட்-இன் ஓர் உத்தரவைப் பிறப்பித்திருந்தது. சம்பவம் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். கணினிப் பதிவுகளை 180 நாள்கள் பாதுகாக்க வேண்டும் என்பன அதன் முக்கிய அம்சங்கள். எஞ்சின் சில்லுக்காக நடந்த சண்டையை நினைவில் கொண்டால், பதிவுகளைப் பாதுகாக்கச் சொன்னது நல்ல தொடக்கம் என்பது விளங்கும். ஆனால் இயந்திரம் ஏன் எச்சரித்தது, அந்த எச்சரிக்கையை ஏற்றவர் அல்லது தள்ளியவர் எந்தக் காரணத்துக்காக அப்படிச் செய்தார் என்பனவும் பதிவாக வேண்டும். அதைப் பற்றி அந்த உத்தரவு பேசவில்லை.

மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2025 நவம்பரில் செயற்கை நுண்ணறிவு நிர்வாகத்துக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அதில் கூறப்பட்ட ஏழு சூத்திரங்களில் ஒன்று, கருவியின் வடிவமைப்பிலேயே புரியும் தன்மை இருக்க வேண்டும் என்பது. வரவேற்கத்தக்க கொள்கைதான். எனினும் அது வழிகாட்டு நெறியே தவிரச் சட்டம் அன்று. ஒப்பந்தப்புள்ளி நிபந்தனையாக மாறாதவரை, விற்பவர் அதைப் பொருட்படுத்த வேண்டிய கட்டாயம் இல்லை.

காரணம் கேட்கும் உரிமை கண்காணிப்பு அறையோடு முடிந்துவிடுவதும் இல்லை. கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கட்டுப்பாட்டு அமைப்புகளைத் தாக்குவது சாத்தியமில்லை என்று 2019 அக்டோபர் 29-ம் தேதி நிலைய நிர்வாகம் அறிக்கை விட்டது. மறுநாளே, இந்திய அணுமின் கழகத்தின் கணினி அமைப்பில் தீய நிரல் கண்டறியப்பட்டது உண்மை என்று கழகம் ஒப்புக்கொண்டது. நிர்வாகப் பணிக்கான ஒரு கணினியே பாதிக்கப்பட்டது, முக்கிய உள் வலையமைப்பு தனியானது என்பது கழகத்தின் விளக்கம். செப்டம்பர் 4-ம் தேதியே செர்ட்-இன் இதைத் தெரிவித்துவிட்டதும் அப்போதுதான் வெளியே தெரிந்தது. கடற்கரைக் கிராம மக்கள் அதைத் தெரிந்துகொள்ள ஏறக்குறைய எட்டு வாரங்கள் ஆயின.

இந்நிலையில் 2023 நவம்பரில் செர்ட்-இன் அமைப்புக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. ஊழல், மனித உரிமை மீறல் குறித்த தகவல்களை மட்டுமே இனி அதனிடம் கோர முடியும். தாக்குபவருக்கு உதவக்கூடிய விவரங்களை மறைப்பதில் நியாயம் உண்டு. ஆனால் தாக்குதல் நடந்து முடிந்து, ஓட்டை அடைக்கப்பட்ட பிறகும் மக்களுக்குக் காரணம் சொல்லாமல் இருப்பதற்கு அந்த நியாயம் பொருந்தாது. இயந்திரத்திடம் விளக்கம் கேட்கும் அரசு, மக்கள் கேட்கும்போது விளக்கம் தரவும் கடமைப்பட்டது.

மதுக்கரைக் கட்டுப்பாட்டு அறையில் நள்ளிரவில் திரை ஒளிர்கிறது. அதில் யானையின் வெப்ப உருவம் தெரிகிறது. பணியில் இருப்பவர் அதைப் பார்த்து உறுதி செய்த பிறகே தகவல் செல்கிறது. ரயிலின் வேகம் குறைகிறது. தாமதத்துக்கு யாரேனும் காரணம் கேட்டால் காட்டுவதற்கு அவரிடம் ஒரு படம் இருக்கிறது. மின் மேலாண்மை மையத்திலும் மருத்துவமனையிலும் இரவுப் பணியில் விழித்திருப்பவருக்கும் அப்படி ஒன்று கிடைக்க வேண்டும்.